"நடங்கம்மா"ன்னு சொல்றது சுலபம்

1/ காலைல ஆறு மணிக்கு ரமணாசிரமம் பக்கம் கிரிவலப் பாதையில போனா, ஷூ மாட்டிக்கிட்டு வாக்கிங் போறவங்க நிறைய பேரைப் பார்க்கலாம். அதே ரோட்டுல விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் வேலைக்கு ஓடுற அம்மாக்களும் இருப்பாங்க. சுகர், பிபின்னு வர்ற இவங்ககிட்டதான் நாங்க "தினமும் நடங்கம்மா"ன்னு சொல்றோம்.

2/ பதில் ஒண்ணுதான்: "நாள் பூரா நின்னுக்கிட்டேதான சார் இருக்கேன், இன்னும் எங்க நடக்கறது?"

முன்னாடி இதை சாக்குன்னு நினைச்சேன். தப்பு. வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேணும்னு சொல்ற உலக சுகாதார நிறுவனம், வீட்டு வேலையையும் உடலுழைப்பாத்தான் பார்க்குது. அவங்க களைப்பு நிஜம்.

3/ இன்னும் கொஞ்சம் பேசினா உண்மையான தடை வெளிய வரும். "தனியா நடந்தா, வேலை வெட்டி இல்லையான்னு கேப்பாங்க." "புள்ளைய யார் பாத்துப்பா?" தனக்குன்னு அரை மணி நேரம் எடுத்தாலே குற்ற உணர்ச்சி.

4/ ஆனா இதே அம்மா பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் மலை சுத்திட்டு வர்றாங்க! அன்னிக்கு யாரும் கேள்வி கேக்கறதில்ல. துணைக்கு ஆள் இருக்கு, வேண்டுதல் இருக்கு, ஊரே கூட நடக்குது.

ஆக, இல்லாதது மனஉறுதி இல்லை. மத்த 29 நாளைக்கு அனுமதியும் துணையும்தான் இல்லை.

5/ தமிழக அரசு 2023 நவம்பர்ல மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையோட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்குச்சு. நல்ல விஷயம். ஆனா பாதை மட்டும் போதாது. அந்த நேரத்துக்குக் குழந்தையை வாங்கிக்க ஒரு கை வேணும்.

6/ அதனால இப்போ "எவ்வளவு நேரம்?"னு கேக்கறதுக்கு முன்னாடி "யார் கூட?"ன்னு கேக்கறேன். ஸ்கூல்ல புள்ளைய விட்டுட்டு, ரெண்டு மூணு அம்மாக்களா சேர்ந்து சுத்து வழியில வீட்டுக்கு வாங்க. 10 நிமிஷம் நடந்தாலும் கணக்குல சேரும். கூட வர்ற வீட்டுக்காரர்கிட்டயும் சொல்றேன்: "இதுவும் மாத்திரை மாதிரிதாங்க."

சுகர் இருந்து பாதம் மரத்துப் போறவங்க மட்டும் தயவுசெஞ்சு வெறுங்கால்ல நடக்காதீங்க, மலை சுத்தும்போதும்கூட. புண்ணு வந்தாலும் தெரியாது.

7/ "நடக்கச் சொன்னோம், கேக்கல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி, நடக்க விட்டோமான்னு நாம கேட்டுக்கணும். டாக்டர்களும்தான், வீட்டுல இருக்கிறவங்களும்தான்.