ஞாயிறு குறிப்புகள்: ரெண்டு தீர்க்கதரிசிகள், ஒரு நுகம்

போன வாரம் ரூம்மேட் ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டு வந்தான். முகத்துல ஒரே பிரகாசம். "மச்சி, அங்க வந்திருந்த ஊழியக்காரர் என் தலைல கை வெச்சு, மூணு மாசத்துல உனக்கு வேலைன்னு கர்த்தர் சொல்றார்னாருடா. உண்மையா இருக்குமா?"

படிப்பு முடியப்போகுது, ஊர்ல கல்விக்கடன் நிக்குது. எனக்குச் சட்டுனு பதில் வரலை. அன்னிக்கு ராத்திரி எரேமியா 28-ஆம் அதிகாரத்தை எடுத்து உக்காந்தேன்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜா எகொனியாவையும் ஆலயத்துப் பாத்திரங்களையும் கொண்டுபோய்விட்டான். சில வருஷம் கழித்து, எரேமியா கழுத்தில் மர நுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்கு அடங்கி இருங்க, பிழைப்பீங்கன்னு சொல்லிட்டு இருக்கார். அப்போ கிபியோன் ஊர்க்காரர் அனனியா ஆலயத்தில் எல்லார் முன்னாடியும் எழுந்து, ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துடும்கிறார். அவரும் கர்த்தர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்!

இதுல கவனிங்க, எபிரெய மூலத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே பட்டம்தான்: தீர்க்கதரிசி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புதான் அனனியாவைக் 'கள்ளத் தீர்க்கதரிசி'ன்னு போடுது. அன்னிக்கு அங்க நின்ன ஜனங்களுக்கு யார் நெத்தியிலும் எதுவும் எழுதியிருக்கலை. சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொன்னதில்லைன்னு உபாகமம் 18 ஒரு சோதனை வைக்குது. சரி, ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணுமே?

எரேமியா என்ன செய்தார்? ஆமென், அப்படியே நடக்கட்டும்னார். கிண்டலா சொன்னார்னு எனக்குத் தோணலை. தன் ஜனம் திரும்பி வர அவருக்கும் ஆசை இருக்காதா? ஆனா சமாதானம்னு சொல்ற தீர்க்கதரிசியை, அது நடக்கும்போதுதான் கர்த்தர் அனுப்பினார்னு அறியலாம்னும் சேர்த்துச் சொன்னார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். எரேமியா பேசாம போயிட்டார்.

என்னை உலுக்கினது இந்த இடம்தான். முதல் அதிகாரத்தில், நான் சிறுபிள்ளை, பேசத் தெரியாதுன்னு மறுத்தவர் அவர். கர்த்தர் அவர் வாயைத் தொட்டு, தன் வார்த்தைகளை அதில் வைத்து, ராஜ்யங்களின் மேலேயே அதிகாரம் கொடுத்தார். ஆனா அந்த அதிகாரம் அவர் சொந்த அதிகாரம் இல்லை. வார்த்தை வராதப்போ கைல ஒண்ணுமில்லாம நடந்து போறதும் அந்த அழைப்போட ஒரு பாகம். கூட்டத்து முன்னாடி தோத்துட்டு வீட்டுக்குப் போக எவ்வளவு தைரியம் வேணும்!

வார்த்தை பிறகுதான் வந்தது: மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனதா அதிகாரம் முடியுது. சுமார் கி.மு. 586-ல் எருசலேமும் விழுந்தது. அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதுற கடிதம் இருக்கு: வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, எழுபது வருஷம் ஆகும். தூர தேசத்துல உக்காந்து படிச்சா அது வேற மாதிரி வலிக்குதுங்க.

காலைல ரூம்மேட்கிட்ட சொன்னேன்: "நானும் ஆமென் சொல்றேன்டா. ஆனா அப்ளிகேஷன் போடுறதை நிறுத்தாத."

"நீ என்ன பெரிய எரேமியாவா?"ன்னான்.

"இல்லடா. எனக்கு எந்த வார்த்தையும் வரலை. அதான் இதோட நிறுத்திக்கறேன்."

சிரிச்சுட்டு லேப்டாப்பைத் திறந்தான் :)