அங்க பனி, இங்க வெயில்... ஃப்ளைட் ஏன் கிளம்பலை?

சில வருஷம் முன்னாடி, போகி அன்னிக்குக் காலைல ஹைதராபாத் ஏர்போர்ட். வெளியே சுள்ளுனு வெயில். சென்னைல பனிமூட்டமாம், ஃப்ளைட் லேட்டாம். பக்கத்து சீட் பெரியவர், "போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகுமே தம்பி, அதுக்குள்ள பனி விலகாதா? ஏமாத்துறானுங்க"ன்னார். கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட நாலு பேர் எகிறிக்கிட்டு இருந்தாங்க.

மேட்டருக்கு வருவோம். எங்க ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரம். மலைல மேகம் இறங்கிட்டா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திடலாம். வானத்துல ஓரங்கட்ட முடியுமா? அதான் விஷயமே!

ரேடியோ அலை வழிகாட்ட இறங்குற ஐஎல்எஸ்ல, சாதாரண கேட்-1 வசதின்னா ஓடுபாதைல 550 மீட்டராவது தெரியணும். டெல்லில இருக்குற கேட்-3பி-க்கு 50 மீட்டர் போதும். ஆனா ஓடுபாதை, விமானம், பைலட் மூணுக்கும் அந்தத் தகுதி வேணும். பனி லேசா விலகினாலும், விமானங்களுக்கு நடுவுல இடைவெளி கூட்டித்தான் இறக்குவாங்க, வரிசை நீளும். நம்பிக் கிளம்பினா மேலயே வட்டமடிச்சு, எரிபொருள் கரைஞ்சு, கடைசில பெங்களூருல இறக்கி விடுவாங்க. பைலட்டோட டியூட்டி நேரமும் அங்கயே முடிஞ்சிடலாம். அதுக்குத் தரைல காத்திருக்குறதே மேல்.

அப்போ கோவமே படக்கூடாதா? படணும், சரியான இடத்துல. 2024 ஜனவரி 14 டெல்லில, தாமதம்னு அறிவிச்ச பைலட்டை ஒரு பயணி அடிச்சார். அது அநியாயம். மறுநாளே டிஜிசிஏ, தாமத விவரத்தை அப்பப்போ சரியா சொல்லணும், 3 மணி நேரத்துக்கு மேல தாமதமாகும்னு தெரிஞ்சா முன்னாடியே ரத்து பண்ணலாம்னு விமான நிறுவனங்களுக்குச் சொல்லிடுச்சு. நாம கேட்க வேண்டியது அதைத்தான்.

அன்னிக்கு எங்களுக்கு "இன்னும் அரை மணி"னு அஞ்சு தடவை சொன்னாங்க. அம்மா போன்ல, "ஏங்கண்ணு, எத்தன மணிக்குத்தான் வருவ?" பதில் தெரியல. மதியம்தான் கிளம்புச்சு. சென்னைல ரயில் போச்சு, பஸ்ஸெல்லாம் ஃபுல்லு. மறுநாள் பொங்கல் பொங்கி முடிஞ்சப்புறம்தான் வீடு சேர்ந்தேன். காலைலயே உண்மையைச் சொல்லியிருந்தா பெங்களூரு வழியா மாத்திக்கிட்டு ராத்திரியே வந்திருப்பேன்.

பனி மேல எனக்குக் கோவமில்ல மக்களே. வாய மூடிக்கிட்டு இருந்தாங்களே, அதான்.

டிஸ்கி: 2018 ஜனவரி 13 போகி அன்னிக்கு, பனியோட நாம எரிச்ச புகையும் சேர்ந்துதான் சென்னை விமானங்களை வேற ஊருக்குத் திருப்பிவிட வெச்சுது. அடுத்த போகிக்கு டயரைக் கொளுத்தும்போது, எங்கயோ ஏர்போர்ட்ல உக்காந்திருக்குற உங்க வீட்டுப் பையனை நினைச்சுக்குங்க :-)