பேட்டரியை மாற்றச் சொன்னால் உடனே மாற்ற வேண்டுமா?



"சார், காரை சர்வீஸுக்கு விட்டேன். பேட்டரி போய்விட்டது, மாற்றணும்கிறாங்க. நம்பலாமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். கருவி காட்டும் எண்ணை மதியுங்கள். ஆனால் சோதிப்பவரும் விற்பவரும் ஒருவரே என்றால், இன்னொரு முறை சோதிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வகுப்பில் படித்ததுதான். கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, ஆயுள் முடிந்த பேட்டரி வேறு. பசியில் சோர்ந்திருக்கும் பையனை நோயாளி என்று சொல்லலாமா? மூன்று வாரம் காரை எடுக்காமல் வைத்திருந்தாலோ, தினமும் கடைத்தெரு வரை மட்டும் ஓட்டினாலோ, நல்ல பேட்டரியும் சோர்ந்துதான் இருக்கும்.

கடைகளில் வைத்திருக்கும் சிறிய கருவி, பேட்டரியின் உள்மின்தடையைப் பார்த்து, ஸ்டார்ட் செய்யும் திறனைக் கணக்கிடுகிறது. அதற்கு முன் பேட்டரியின் வகையையும் சி.சி.ஏ. எண்ணையும் சரியாகக் கொடுக்க வேண்டும். 300 இருக்கும் பேட்டரிக்கு 450 என்று உத்தேசமாகப் போட்டால், நல்ல பேட்டரியும் ஃபெயில்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பத்தாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்த கதை.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கருவியில் என்ன எண் போட்டீர்கள்? முழு சார்ஜ் ஏற்றிய பிறகு சோதித்தீர்களா? ஆல்டர்னேட்டரைப் பார்த்தீர்களா? எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரும். அது வரவில்லை என்றால், புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். டெர்மினலில் உப்புப் பூத்திருந்தாலும், நட்டு தளர்ந்திருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது. அதற்குப் புது பேட்டரி மருந்தல்ல.

அதற்காக, கடைக்காரர் சொல்வதெல்லாம் பொய் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் உழைக்கும். நாலு வருஷம் தாண்டி, காலையில் ஸ்டார்ட்டர் திணறி, முழு சார்ஜுக்குப் பிறகும் சோதனையில் தேறவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு இரவில் நெடுஞ்சாலையில் நிற்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் வாரண்டி அட்டையைத் தேடிப் பாருங்கள். இலவசமாக மாற்றித்தரும் காலம் இன்னும் முடியாமல் இருக்கலாம். பழைய பேட்டரியில் உள்ள ஈயத்துக்கும் விலை உண்டு. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் நடத்தும் என் மாணவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். "சார், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு, காலையில் பார்த்துச் சொல்கிறேன்" என்கிற கடைக்குத்தான் நான் பல வருஷமாகப் போகிறேன். அங்கே மாற்றச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவேன்.