உதகைக்கு முன்னால் கோயம்பேடு!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி)

சென்ற டிசம்பரில் நம் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. கல்விச் சுற்றுலா, உதகை, மூன்று நாள், விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. நான் பெயர் கொடுக்கவில்லை. கட்டணம் கட்ட முடியாதவள் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்கிறாள் என்று தோழியர் நகைக்கக்கூடும். அதில் பாதி உண்மை, மறைப்பானேன்? மீதிப் பாதியைச் சொல்லத்தான் ஆண்டு மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

போய் வந்தவர்கள் காட்டிய படங்களில் ஏரி இருந்தது, படகு இருந்தது, பூங்கா இருந்தது. கல்வி எங்கே என்று கேட்டேன். "போடி, உனக்கு வேற வேலை இல்லை" என்றார்கள். உதகையின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் அந்த மலையில் விளையும் காரட் இரவோடிரவாக எங்கே போகிறது, யார் தோளில் இறங்குகிறது, எத்தனை கை மாறி நம் வீட்டுச் சாம்பாருக்கு வருகிறது என்பதை அறியாமல் மலையை மட்டும் பார்த்துவிட்டு வருவது எப்படிக் கல்வியாகும்? நம் கல்லூரி மாணவர்களின் முதல் சுற்றுலா சந்தைக்குத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் திண்டிவனத்தில் பேருந்து மாறி விழுப்புரம் வருகிறவள். இரண்டு ஊர் உழவர் சந்தையையும் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஒரு குறிப்பேட்டோடு உள்ளே போய் நின்றது இந்த ஆண்டுதான். 14-11-1999 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் தொடங்கி வைத்தார். பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' வந்தது; ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. அந்த வரிசையில் நம்முடையது இது. விளைவித்தவரே விற்கலாம், அடையாள அட்டை உண்டு, இடத்துக்கு வாடகை இல்லை, தராசு தருகிறார்கள், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இவ்வளவும் பொது அறிவு வினாடி வினாவில் நமக்குத் தெரியும்.

திண்டிவனத்தில் கத்தரிக்காய் வைத்திருந்த ஓர் அக்கா சொன்னது எந்த வினாடி வினாவிலும் வராது. "எழுதிக்கினு இன்னா பண்ணப்போற?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கிறேன் என்றேன். "அப்ப இதையும் எழுதிக்க" என்று ஒரு கணக்குச் சொன்னார். முதல் நாள் சாயங்காலம் காய் பறித்த ஆளுக்குக் கூலி. விடியலில் கூடையோடு வந்து சேரச் செலவு. பத்து மணிக்குள் விற்றுத் தீராததை வெளிக் கடைக்காரர் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். மீண்டும் ஊருக்குச் சுமந்து போனால் வாடிப்போகும். பலகை விலை காலை ஏழு மணிக்காரருக்குத்தான், பத்து மணிக்கு வருகிறவருக்கு இல்லை என்றார். வீட்டில் நாங்கள் எப்போதும் பத்து மணிக்குப் போகிறவர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அம்மாவும் நானும் மகிழ்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வேறொரு வியப்பு. மணிலாக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, நாலு காயை உடைத்து, பருப்பைத் தேய்த்துப் பார்த்து, ஒரு சீட்டில் விலையை எழுதி மறைத்துக் கொடுக்கிறார் வியாபாரி. அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. பருப்பில் எண்ணெய் எவ்வளவு என்று காண ஆய்வகத்தில் சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்காகக் கரைப்பானைக் கொதிக்க வைக்க வேண்டும்; இவர் அரை நிமிடத்தில் கட்டைவிரலால் முடிவு கட்டுகிறார். எது சரி என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அருமையான ஒரு செயல்திட்டம் கிடைக்குமே! திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் தந்த டி.எம்.வி. 2 என்ற மணிலா இந்தியா முழுதும் பரவியது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம்தான். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனிக் கோயம்பேடு. சென்னை ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி நெரிசல் தாங்காமல் 1996-இல் அங்கே மாற்றப்பட்ட சந்தை. 295 ஏக்கர் வளாகம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். பாரீஸ் தன் பழைய சந்தையை 1969-இல் ரன்ஜிஸுக்கு மாற்றியது, லண்டன் காவன்ட் கார்டனை 1974-இல் இடம் மாற்றியது என்று படிக்கும்போது, எல்லாப் பெருநகரங்களின் வயிறும் ஒன்றுதான் போலும் என்று தோன்றும். வேதியியல் மாணவர்க்கு அங்கே பாடம் உண்டு. கால்சியம் கார்பைடும் நீரும் சேர்ந்தால் அசிட்டிலீன் என்று பன்னிரண்டாம் வகுப்பு முதல் எழுதுகிறோம். அதே கார்பைடால் மாம்பழத்தைப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது; கார்பைடில் ஆர்செனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவை மட்டும் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அனுமதித்திருக்கிறார்கள். மாம்பழக் காலத்தில் கோயம்பேட்டில் சோதனை நடந்தது, பழம் பறிமுதல் ஆனது என்று செய்தி படிக்கிறோமே, அது நம் பாடப் புத்தகத்தின் தொடர்ச்சிதான்.

ஆனால் நான் கோயம்பேட்டைப் பார்க்க விரும்பியது இதற்காக அல்ல. என் அப்பா அங்கே மூட்டை தூக்குகிறார். பள்ளி முதல் கல்லூரி வரை ஒவ்வொரு படிவத்திலும் 'கூலி' என்று எழுதினேன். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கும் அப்படியே. யாரேனும் கேட்டால் "சென்னையில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

2020 மே மாதத்தில் கொரோனா பரவியதால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து போயிருந்த தொழிலாளர்கள் கிடைத்த வண்டியில் ஊர் திரும்பினார்கள். அப்பாவும் காய்கறி லாரியில் வந்தார். ஊர் எல்லையிலேயே நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். நோய் அவருக்கு இல்லை. ஆயினும் 'கோயம்பேட்டுக்காரன்' என்ற பெயர் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. தெருக் குழாயில் எங்கள் குடம் கடைசியாகத்தான் வைக்கப்பட்டது. நோய்க்கு அஞ்சியதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். அன்று எல்லாருக்கும் அச்சம். அவ்வளவு பேருக்குச் சோறுபோட்ட இடத்தின் பெயர் வசைச்சொல்லானதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த இடத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

சென்ற மாதம் அம்மாவும் நானும் போனோம். 2024 தொடக்கத்திலிருந்து நம் பக்கத்துப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே நகரப் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தோம். நள்ளிரவுக்கு மேல் லாரிகள் வரிசை. நாசிக் வெங்காயம், ஆந்திரத் தக்காளி, அதோ நம் உதகைக் காரட்! அப்பா தலையில் சும்மாடு வைத்து, குனிந்து, ஒரு மூட்டையை வாங்கி நிமிர்ந்தபோது அவர் கழுத்து நரம்புகளை முதன்முதலாகப் பார்த்தேன். என் வயதே இருக்கும் ஒரு பையன் "யோவ், சீக்கிரம்" என்றான். அப்பா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நடை முடிந்த பிறகுதான் வந்தார்; "பாப்பா, ஓரமா நில்லு" என்றார்.

இந்தக் காட்சியைக் கல்விச் சுற்றுலா என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கலாம். இரவில் பெண்பிள்ளைகளை அழைத்துப் போவதா என்று ஆசிரியர்கள் தயங்கலாம். பூ வாங்கவும் காய் எடுக்கவும் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே வருகிறார்கள். அவர்கள் நடுவில் நிற்க நமக்கென்ன அச்சம்? ஒரு தடையை மட்டும் நானும் ஒப்புகிறேன். வேடிக்கை பார்க்கிறவர் கூட்டம் வேலை செய்கிறவருக்கு இடைஞ்சல். பார்சலோனாவின் பொக்கேரியா சந்தையில் சுற்றுலாக் கூட்டம் மிகுந்து, 2015-இல் நெரிசல் நேரத்தில் பெருங்குழுக்கள் நுழையத் தடை போட்டார்கள். டோக்கியோ மீன் சந்தை 2018-இல் டோயோசுவுக்கு மாறியபோது, பார்வையாளருக்கென்று கண்ணாடிக்குப் பின்னே தனி மாடம் கட்டினார்கள். நமக்கு மாடம் வேண்டாம். இருபது பேராகப் போகலாம். கைப்பேசியைப் பைக்குள் வைக்கலாம். ஆளுக்கு ஒரு கிலோவாவது வாங்கலாம்.

இதை எழுதுவதாக அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். பேருந்துச் செலவு உதகைக் கட்டணத்தில் சிறு பங்குதான் என்றும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இருபது புள்ளைங்களா? நாலு மணிக்கு மேல கூட்டியா. லோடு எறங்குறப்ப குறுக்க நிக்கக் கூடாது" என்றார். "டீச்சருங்களும் வருவாங்களா?" என்று கேட்டார். வருவார்கள் என்றேன். எல்லாருக்கும் டீ தாமே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.