ஆறுமணிக்குருவிக்கு ஒரு மூலை

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் பாட்டிமார் சொல்லித் தந்த பாடம். அதை மறுப்பார் யார்? ஆனால் நம் சுத்தமே ஓர் உயிரின் சோற்றைப் பறிக்கிறது என்றால் நம்புவீர்களா, தோழியரே? அந்த உயிர்தான் ஆறுமணிக்குருவி.

மைனாவைவிடச் சிறிய பறவை இது. எடை 50 அல்லது 60 கிராம் இருக்கும். பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, வெள்ளைத் தொண்டை, சிவந்த அடிவயிறு, கண்ணோரம் கறுப்புப் பட்டை! இத்தனை நிறம் கொண்டதால் வடநாட்டார் இதை 'நவரங்' என்கின்றனர். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் சீழ்க்கை ஒலி எழுப்புவதால் தமிழர் இட்ட பெயர் ஆறுமணிக்குருவி. ஆங்கிலத்தில் வழங்கும் 'பிட்டா' என்ற பெயரும் நம் அண்டை மொழியான தெலுங்கு தந்ததே.

இது காட்டுப் பறவை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் உருண்டையான கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பிறகு குளிருக்கு அஞ்சித் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வலசை வரும். வழியில் களைத்துத் தோட்டங்களில் இறங்கும்; சில வேளை விளக்கொளியில் மயங்கி வீட்டுக்குள்ளும் வந்து விழும். தீபாவளியை ஒட்டிய மாதங்களே இந்த விருந்தாளி வரும் காலம்.

வந்த விருந்தாளிக்கு உணவு எங்கே? மரத்தில் அன்று, தரையில். உதிர்ந்த சருகைப் புரட்டிப் புழு, எறும்பு, வண்டுகளைப் பொறுக்கித் தின்னும். நாமோ வேப்பமரத்தடிச் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். நமக்குக் குப்பை, அதற்கோ அதுவே பந்தி இலை. உண்ண வந்தவரின் இலையை எரிப்பது விருந்தோம்பலா?

"சருகு கிடந்தால் பாம்பும் தேளும் வருமே" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பட்டாசு ஆலைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் சேரக்கூடாது; அது உயிர் காக்கும் விதி. வகுப்பறை வாசலும் விளையாட்டுத் திடலும் கூட்டப்படத்தான் வேண்டும். நான் கேட்பது, பிள்ளைகள் நடமாடாத மதிலோரத்தில் கல் அடுக்கி எல்லை கட்டிய ஒரு மூலை மட்டுமே. அங்கே நெருப்பும் வேண்டாம், துடைப்பமும் வேண்டாம். சருகு மக்கினால் மண்ணுக்கும் உரம்.

பறவைக்காக மனிதர் எதையேனும் விட்டுக்கொடுப்பார்களா? விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! அண்டை மாவட்டமான சிவகங்கையில், 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசால் அடுப்பெரியும் நம் பக்கத்தில் அதை எல்லோரிடமும் கேட்பது எளிதன்று. ஒரு மூலைச் சருகு அவ்வளவு பெரிய விலையா?

நம் திருச்சபையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. புனித பிரான்சிஸ் அசிசியார், காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தாமே வளரட்டும் என்று மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விடச் சொன்னார். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் இதை நமக்கு நினைவூட்டினார்.

ஆகவே, அன்புள்ள சகோதரியரே, பெற்றோரே, தோழியரே! பள்ளிக்கு ஒரு மூலை, வீட்டுக்கு ஒரு மூலை ஒதுக்குவோம். களைத்துக் கிடக்கும் குருவியைக் கண்டால் கூண்டில் அடைக்காமல் புதரோரம் விடுவோம். சுத்தம் நமக்குச் சோறு போடட்டும். சருகு அதற்குச் சோறு போடட்டும்!