காப்பித் துரையும் பஞ்சாலைத் துரையும் ஒருவரே

கோவைப் பஞ்சாலைத் தோழர் ஒருவரையும் குன்னூர்த் தேயிலைத் தோட்டத் தோழர் ஒருவரையும் அருகருகே உட்கார வைத்தால், தங்கள் பாடு வேறு வேறு என்றே இருவரும் நினைப்பார்கள். ஒருவர் பஞ்சுத் தூசியில் இருமுகிறவர். மற்றவர் பனியிலும் மழையிலும் கொழுந்து கிள்ளுகிறவர். ஆனால் இந்த இருவரின் முப்பாட்டன்மாருக்கும் முதலாளி ஒருவராகவே இருந்திருக்கலாம். அவர் பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ்.

1858-ல் அவர் கோவைக்கு வந்தபோது வயது பதினேழு. அதே ஆண்டில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்தது. 1600-ல் லண்டன் வியாபாரிகள் பங்குப் பணம் போட்டுத் தொடங்கிய கம்பெனி, ஒரு தேசத்தையே விழுங்கிவிட்டு விடைபெற்றது. கம்பெனி போயிற்று, வியாபாரி போகவில்லை. தனித்தனியாக, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினான்.

ஸ்டேன்ஸ் சகோதரர்களின் தொழில் காப்பி. நீலகிரிச் சரிவில் விளைகிற காப்பியை மலையிலேயே பதப்படுத்துவது கஷ்டம். மூடுபனியும் மழையும் கொட்டையைக் காயவிடாது. ஆகவே தோலோடு மூட்டை கட்டிச் சமவெளிக்கு இறக்கினார்கள். கோவை வெயிலில் உலர்த்தி, தோலுரித்து, தரம் பிரித்துக் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1861-ல் டி. ஸ்டேன்ஸ் கம்பெனி ஏற்பட்டது இந்த வேலைக்குத்தான். மலையில் பழம் பறித்தவளும் கூலிக்காரி. கீழே முறத்தை வைத்துக்கொண்டு கறுப்புக் கொட்டை பொறுக்கியவளும் கூலிக்காரி. இடையில் இருந்த மலைப்பாதையில் மூட்டை இறங்கியது, லாபமும் இறங்கியது.

மலைக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? கங்காணி முன்பணத்தோடு கிராமம் கிராமமாக வந்தான். சேரியில், குடியானவன் வாசலில், கடன்பட்ட வீட்டில் பணத்தை வைத்தான். 1876-78 பஞ்சத்தில் அவன் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பசியே ஆள் பிடித்துக் கொடுத்தது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால்? 1859-ஆம் ஆண்டின் 13-வது சட்டம் இருந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவுக்குப் பிறகும் வேலைக்குத் திரும்பாத தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. கடன் திருப்பித் தராத துரைக்குச் சிவில் வழக்கு, கூலிக்காரனுக்குக் கம்பி! சென்னை மாகாணத்தில் 1903-ல் தோட்டக்காரர்களுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. 1859 சட்டத்தை ரத்துச் செய்ய 1920-கள் வரை ஆயிற்று.

இந்தச் சட்டங்களை ஸ்டேன்ஸ் எழுதவில்லை. தனிப்பட்ட முறையில் அவர் கொடுமைக்காரர் என்று நாம் சொல்ல வரவுமில்லை. கோவையில் 1862-ல் பள்ளிக்கூடம் வைத்தார். குன்னூரிலும் அவர் பெயரில் பள்ளி உண்டு. ஆனால் தொடக்கத்தில் அந்தப் பள்ளிகள் யாருக்கு? ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகளுக்கு. காப்பி மூட்டை சுமந்தவன் பிள்ளைக்கு அல்ல. நல்ல மனிதரோ கெட்ட மனிதரோ, முறை ஒன்றுதான்.

பூச்சியும் இலை நோயும் காப்பியைத் தின்றபோது, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. துரை பயிரை மாற்றினார். குனிந்த முதுகு மாறவில்லை. 1888-ல் கோவையின் முதல் பஞ்சாலையான கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லை ஸ்டேன்ஸ் நிறுவினார். ஜனங்கள் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். காப்பியில் தேர்ந்த வியாபாரம் இப்படிப் பஞ்சுக்குப் போயிற்று. 1920-ல் சர் பட்டம். 1922-ல் யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ் கம்பெனி. 1936-ல் மரணம், தொண்ணூறு தாண்டிய வயதில். நீண்ட ஆயுள்! அவருடைய தோட்டக் கூலிகளில் எத்தனை பேர் அதில் பாதி கண்டார்கள்?

அவர் இறந்து பத்து ஆண்டில், 1946 நவம்பர் 11-ல், அதே ஸ்டேன்ஸ் மில்லில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. உரிமை கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். பிற்காலத்தில் மில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தது. 2020 ஊரடங்கில் அக்கழகத்தின் ஆலைகள் நிறுத்தப்பட்டபோது, கோவைத் தொழிலாளிகள் மீண்டும் வாசலில் நின்றார்கள்.

பள்ளியிலும் கம்பெனியிலும் துரையின் பெயர் இன்றும் இருக்கிறது. கங்காணிப் பேரேட்டில் கைநாட்டு வைத்த நம் மக்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: எந்த ஊரிலிருந்து மலை ஏறினார்கள், எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை. தெரிந்ததை ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தரட்டும்.