கைவிடுவதைச் சொல்லிவிட்டுக் கைவிடுங்கள்

நம் சங்க உறுப்பினர்களில் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர். அவர்களில் சிலர் ஓய்வு நேரத்தில் மென்பொருள் எழுதி, மூலநிரலோடு அனைவருக்கும் இலவசமாக வழங்கியும் வருகிறார்கள். அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன். மற்ற அன்பர்களும் படிக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

மூலநிரலைப் பெற்றவர் அதைத் தம் கணினியில் இயங்கும் மென்பொருளாக ஆக்கிக்கொள்ள ஒரு வழிமுறைக் குறிப்பு வேண்டும். எந்த இயங்குதளத்துக்கு எந்தக் கருவி, எந்தக் கட்டளை என்று அதில் படிப்படியாக இருக்கும். ஏறக்குறைய சமையல் குறிப்புதான். இத்தகைய குறிப்புகள் பலவற்றில் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 7-க்கும் உரிய படிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானதை 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்காவது உதவும்" என்பார்கள். நான் இதை ஏற்கவில்லை. மென்பொருள் ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய படிகளை யாரும் செய்துபார்ப்பதில்லை. விண்டோஸ் 8-இல் புதிதாக வந்த ஒரு வசதியை நிரலில் எங்கோ ஓரிடத்தில் நேரடியாக அழைத்திருந்தால் போதும், அந்த மென்பொருள் விண்டோஸ் 7-இல் தொடங்கவே தொடங்காது. குறிப்போ "இயங்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இதனால் நஷ்டம் யாருக்கு? புதுக் கணினி வைத்திருப்பவர் அந்தப் படிகளைப் படிக்கப்போவதில்லை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணினியைச் சித்தப்பா வாங்கித் தர, அதில் ஆசையோடு நிரல் பழகும் மாணவன்தான் படிப்பான். மூன்று நாள் மாலையெல்லாம் எழுத்துப் பிசகாமல் தட்டெழுதுவான். பிழைச் செய்தி மட்டுமே வரும். குறிப்பு தவறு என்று அவனுக்குத் தோன்றாது. "எனக்கு இது வராது" என்றுதான் தோன்றும். ஒரு பிள்ளையை அப்படி எண்ண வைப்பது உதவியா?

ஆகவே, சோதிக்க ஆளில்லாத படிகளை நீக்கிவிடுங்கள். ஆனால் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். பைத்தான் மொழியினர் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மைக்ரோசாப்ட் ஆதரவு முடிந்த விண்டோஸ் பதிப்புக்குத் தங்கள் அடுத்த புதிய பதிப்பில் இடமில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அதன்படி 2020 அக்டோபரில் வந்த 3.9 பதிப்பு விண்டோஸ் 7-இல் இயங்காது என்று வெளிப்படையாக எழுதினார்கள். விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசிப் பதிப்பான 3.8-ஐ அழித்துவிடவும் இல்லை, இன்றும் இறக்கிக்கொள்ளலாம். பழைய கணினிக்காரருக்கு அந்த ஒரு வரி போதும். மூன்று நாள் மிச்சம்.

"பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளட்டும்" என்பது நல்ல யோசனைதான். ஆனால் அங்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஆகவே எந்த இயங்குதளமானாலும் நாம் எழுத வேண்டியவை மூன்று: எதை எந்தத் தேதியில் கைவிட்டோம், அதில் இயங்கும் நம் கடைசிப் பதிப்பு எது, அது எங்கே கிடைக்கும். கூடவே, அந்தப் பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

எழுத ஐந்து நிமிடம் ஆகும். மென்பொருள் எழுதும் நம் அன்பர்கள் இந்த வாரமே தங்கள் குறிப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.